மிலுன்கா பக்கத்து ஆட்கள்

ஸ்வெதோசார் தன் மைத்துனன் திஹோமிருக்குத் தர வேண்டியிருந்தது அறுபத்தோராயிரத்து நானூற்று எண்பது தினார். அதில் அறுபத்தோராயிரம் கிரேக்கக் கடற்கரைக்காக வாங்கியது. மிச்சம் நானூற்று எண்பது ஒரு சாக்லேட் பெட்டிக்கு. கடற்கரையில் அறை வாடகைக்கு விடும் அம்மாளுக்குக் கொடுக்க அந்தப் பெட்டி. காசு கொடுத்துத் தங்கும் இடமென்றாலும் வெறுங்கையோடு நுழைவது ஸ்வெதோசாரின் மனைவி விதோசாவாவுக்கு ஆகாது. திஹோமிரின் மளிகைக் கடையிலேயே எடுத்தார்கள். அவன் பெட்டியின் அடியில் நீலப் பேனாவால் விலையை எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தான். அக்கா வீட்டுக்காரர் என்பதற்காக ஒரு தினார்கூடக் குறைக்கவில்லை.

கிரேக்கத்துக்கு அவர்கள் போகவில்லை. பணத்தை வாங்கிக்கொண்ட பயண ஏஜென்சி, பஸ் கிளம்ப வேண்டிய வாரத்தில் காணாமல் போய்விட்டது. ஸ்வெதோசார் போய்ப் பார்த்தபோது அதே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் இன்னொருத்திக்கு நகச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள். இங்கே கடலுக்குக் கூட்டிப்போவார்களே, அவர்கள் எங்கே என்று கேட்டான். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு, உட்காருங்கள், கையைக் காட்டுங்கள் என்றாள். சூளையில் வெந்த அந்தக் கையைப் பார்த்ததும் வேண்டாம் என்றாள்.

ஸ்வெதோசார் ஆயுசு முழுக்கப் பராசின் ஊர்ச் செங்கல் சூளையில் மண் மிதித்தவன். விதோசாவா ஊறுகாய்த் தொழிற்சாலையில் வெள்ளரிக்காய் அடுக்கியவள். வீட்டில் அவளை வீதா என்பான். கல்யாணத்தன்று, ரக்கியா கொடுத்த தைரியத்தில், உனக்குக் கடலைக் காட்டுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். அதன் பிறகு நாடு உடைந்தது, நோட்டு செல்லாமல் போனது, சூளை மூடியது, பிள்ளைகள் வியன்னாவுக்குச் சுவர் பூசப் போனார்கள். அங்கிருந்து போட்டோக்கள் வந்தன. வீதா அந்தக் கடல் பேச்சைத் திரும்ப எடுக்கவே இல்லை. எடுத்துத் திட்டியிருந்தால் அவனுக்கு இறங்கியிருக்கும். அவள் பேசாமல் இருந்தது, மேஸ்திரி இறக்கச் சொல்ல மறந்துபோன செங்கல் சுமை மாதிரி அவன் முதுகிலேயே நின்றது.

ஏஜென்சி ஓடிய செய்தி கேட்டுத் திஹோமிர் வந்தான். நின்றபடியே பேசினான்.

"ஓடிப்போனது ஏஜென்சி, மாமா. நான் ஓடலியே, இங்கதான நிக்கிறேன். அடுத்த வருசம் லூக்கா நாள் வரைக்கும் பார்ப்பேன். வரலைன்னா அடுப்பத் தூக்கிட்டுப் போயிருவேன். கடைக்குப் பின்னால குளிரு தாங்கல."

லூக்கா நாள் அக்டோபர் கடைசியில். அதற்கு அடுத்த நாளிலிருந்து குளிர் ஆரம்பம். அந்த வீட்டில் சூடு என்று இருந்தது அந்த ஒரு இரும்பு அடுப்புதான். விறகு போட்டால் சமையலும் ஆகும், இரண்டு அறையும் காயும். வீதாவுக்கு அதன் கதவு முனகும் சத்தம் தெரியும், ஸ்வெதோசாருக்கு அதன் புகைக்குழாயில் எத்தனை முறை தன் தலை இடித்தது என்று தெரியும். அதை எடுத்துவிட்டால் அந்தக் கிழட்டு உடம்புகள் இரண்டும் பனியைத் தாண்டாது. திஹோமிருக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்டான்.

வீதா சூட்கேஸைப் பிரிக்கவில்லை. அது வீட்டு நடையிலேயே நின்றது. உள்ளே வைக்கோல் தொப்பி, குளிக்கிற உடுப்பு, நீல ரிப்பன் கட்டிய சாக்லேட் பெட்டி. ஸ்வெதோசார் தினமும் அதில் முட்டியை இடித்துக்கொண்டான். செப்டம்பர் போய் அக்டோபரும் போனபிறகு, இன்னும் எத்தனை நாள் என்று கேட்டான்.

"எங்கயாவது போய்ட்டு வந்தாத்தான பிரிக்கிறது? நான் எங்க போய்ட்டு வந்தேன்?" என்றாள் வீதா.

நவம்பரில் ஒரு மழை நாள் காலையில் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு சூட்கேஸை இழுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். ஸ்வெதோசார் வீட்டுச் செருப்போடு பின்னால் ஓடினான். டிக்கெட் ஜன்னலில் அவள் ஊர்ப்பேர் எதுவும் சொல்லவில்லை. பென்ஷன்காரர்களுக்கு இருப்பதிலேயே சல்லிசான டிக்கெட் எந்த ஊருக்கு என்றுதான் கேட்டாள். சாச்சக் என்று பதில் வந்தது. இரண்டு கொடுங்கள் என்றாள்.

சாச்சக்கில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. மழையில் எதையும் பார்க்கவும் முடியவில்லை. சூட்கேஸ் சக்கரம் ஒன்று கழன்று சாக்கடைக்குள் போனது. ஒதுங்குவதற்காக ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படியில் ஏறி நின்றார்கள். படிக்குப் படி துணி மூடிய பாத்திரங்கள், பீர் பெட்டிகள், அகலக் கிண்ணங்களில் ரஷ்ய சாலட். குளிர்சாதனப் பெட்டி நிரம்பினால் படிக்கட்டில் வைப்பார்கள். அன்று திமித்ரி நாள் என்பது வீதாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு கதவு திறந்தது. குழம்புப் பாத்திரத்தை எடுக்க வந்த ஒரு குட்டை மனிதன், பேர் க்வோஸ்தென், சொட்டச் சொட்ட நின்ற இரண்டு கிழங்களையும் சூட்கேஸையும் பார்த்தான்.

"ஸ்லாவா அன்னிக்கு வாசல்ல நின்னா என் மானம் என்னாகும்? உள்ள வாங்க முதல்ல" என்றான்.

அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு புனிதர் உண்டு. அவருடைய நாள்தான் அந்த வீட்டுக்கு ஸ்லாவா. அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை. வர வேண்டியவர்கள் வருவார்கள். வந்தவரை யாரென்று கேட்பதும் இல்லை. கேட்டால் வந்தவருக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்காரனுக்குத்தான் கேவலம். ஸ்வெதோசார் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாயில் ஒரு கரண்டி அவித்த கோதுமை போனது. அதை விழுங்கியதும் ரக்கியா வந்தது. ரக்கியா இறங்கியதும் சூப். அதற்குள் கோட்டைக் கழற்றி எங்கோ கொண்டுபோய்விட்டார்கள்.

க்வோஸ்தென் அவர்களைத் தன் மனைவியின் சொந்தம் என்று நினைத்தான். மனைவி, புருஷன் வீட்டுச் சொந்தம் என்று நினைத்தாள். பன்றி வறுவலுக்கு நடுவே அவள் சுற்றி வளைத்து, எந்தப் பக்கமாக வந்தீர்கள், வழியெல்லாம் மழையா என்றாள். அதற்கு மேல் ஒரு வீட்டுக்காரி கேட்க முடியாது.

வீதா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "மிலுன்கா பக்கம்."

மேஜையில் எல்லோரும் தலையாட்டினார்கள். மிலுன்கா பக்கமா என்று ஒரு மூலையில் ஒருவர் திருப்திப்பட்டார். அவள் கால் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு கிழவர் விசாரித்தார். மழை என்றால் வலிக்கிறது என்றாள் வீதா. சாக்லேட் பெட்டியை எடுத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தாள். அன்றிரவு அவர்களுக்கு அந்த வீட்டின் பெரிய கட்டில். க்வோஸ்தென் சமையலறையில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் மடியில் ஒரு டப்பா கேக்கோடு பஸ்ஸில் வரும்போது ஸ்வெதோசார் கேட்டான்.

"யாரு வீதா அந்த மிலுன்கா?"

"எனக்கென்ன தெரியும். எல்லா வீட்டிலயும் ஒரு மிலுன்கா இருப்பா."

வீட்டுக்கு வந்ததும் அவள் சமையலறைச் சுவரில் தொங்கிய கோயில் காலண்டரை ஆணியோடு பிடுங்கிச் சூட்கேஸில் வைத்தாள். சிவப்பு எழுத்தில் இருந்த புனிதர்கள் எல்லோரும் அன்றிலிருந்து அவர்களுக்குப் பயண ஏற்பாட்டாளர்கள்.

முறை எளிது. சிவப்பு நாள் வந்தால் பஸ் நிலையம் போவது. டிக்கெட் குறைவான ஊர் எதுவோ அது. போய் இறங்கி அண்ணாந்து பால்கனிகளைப் பார்த்துக்கொண்டு நடப்பது. எந்தப் பால்கனியில் ரஷ்ய சாலட் குளிரில் நிற்கிறதோ, எந்தக் கதவுக்கு முன்னால் செருப்பு குவிந்து கிடக்கிறதோ அது அன்றைய ஓட்டல். கையில் ஒரு பொட்டலம் காப்பித்தூள். சாப்பாடு, படுக்கை, ஊர்ச்சுற்றல், பாட்டு, சில இடங்களில் ஸ்டேஷன் வரைக்கும் கார், எல்லாம் அந்த ஒரு பொட்டலத்துக்குள் அடக்கம். நிக்கோலா நாளன்று பஸ் பாதி வழியில் அச்சு முறிந்து ஒரு கிராமத்தில் நின்றது. மற்றவர்கள் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். வீதா இறங்கி முதல் வீட்டுக்குள் போனாள். நிக்கோலா நோன்புக் காலத்தில் வருவதால் அங்கே மீனும் சுட்ட மொச்சையும். முள்ளெடுத்துச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோதும் பஸ் அங்கேயேதான் இருந்தது.

வீதா சொன்னது மொத்தத்தில் ஒரே பொய். ஸ்வெதோசாருக்கு அதுவும் வரவில்லை. பொய் சொல்லத் தெரியாதவன் அல்ல. சூளையில் எண்ணிக்கை சொல்லும்போது நிறையச் சொல்லியிருக்கிறான். ஆனால் ஸ்லாவா மெழுகுவர்த்தி எரிகிற அறையில் அவன் நாக்கு பொய்க்கு வளையாது. அவன் அப்பனுக்கும் வளையாது. அதனால் விடைபெறும்போது வீட்டுக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் வீட்டு ஸ்லாவா என்றைக்கு என்று கேட்டால், உள்ளதைச் சொல்லிவிடுவான். லூக்கா நாள். பராசின். மூடிப்போன செங்கல் சூளைக்கு எதிரே, பச்சைக் கதவு.

"அட்ரஸ எதுக்குய்யா குடுக்கிற?" என்பாள் வீதா பஸ்ஸில்.

"கேட்டாங்க. மெழுகுவர்த்தி எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"ஊதி அணைச்சிட்டுச் சொல்லணும்."

"ஸ்லாவா மெழுகுவர்த்திய யாராச்சும் ஊதுவாங்களா? நீ என்ன பொம்பள."

அது அவளுக்கும் தெரிந்ததுதான். ஒருவன் ஸ்லாவாவில் சாப்பிட்டுவிட்டுத் தன் வீட்டு நாளைச் சொல்லாமல் நழுவினால், தின்ற சோறு திருட்டுச் சோறாகிவிடும்.

சாயேச்சாரில் ஜொவான் நாளன்று அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு கிணற்றுக்காகப் பேச்சை விட்டிருந்தார்கள். ஒரே மேஜையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். மிலுன்கா பக்கத்து ஆள் வந்திருக்கிறார், கிணற்றைப் பற்றி அம்மா மனசில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். எல்லோரும் ஸ்வெதோசாரைப் பார்த்தார்கள். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. உங்கள் அம்மாவை எனக்குத் தெரியாது, ஆனால் கிணறு என்றால் இரண்டு பக்கமும் வாளி விடலாம் என்று அவன் உண்மையைச் சொன்னான். அண்ணன் தம்பி கட்டிப் பிடித்து அழுதார்கள். ஸ்வெதோசாருக்கு ஒரு முழு ஆட்டுக்கால் கட்டிக்கொடுத்தார்கள்.

கிளாதோவோவில் ஜார்ஜ் நாளன்று ஸ்வெதோசார் அவளைத் தானியூப் ஆற்றின் கரையில் நிற்க வைத்து, எப்படி, கடல் மாதிரி இருக்கிறதா என்று கேட்டான். அக்கரை தெரிகிறதே என்றாள் வீதா.

ஊரில் திஹோமிர் கடை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். கடன்காரர்கள் இரண்டு பேரும் சூட்கேஸோடு போவதும், இரண்டு நாள் கழித்துக் கன்னம் மினுமினுக்க வருவதும் அவனுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. தன்னிடம் காப்பிப் பொட்டலம் வாங்குகிறார்களே, அதுவும் ரொக்கத்துக்கு, அது வேறு உறுத்தியது. ஒரு நாள் வழியை மறித்துக்கொண்டு கேட்டான்.

"என் பணத்துல எங்க மாமா ஊர்வலம்?"

"சொந்தக்காரங்க வீட்டுக்கு."

"உங்களுக்கு ஏது சொந்தம்? எனக்குத் தெரியாத சொந்தம்?"

ஸ்வெதோசார் சூட்கேஸை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவனைச் சுற்றி நடந்தான். அடுப்பு ஞாபகம் இருக்கட்டும் என்றான் திஹோமிர். அது ஸ்வெதோசாருக்கு ஞாபகம் இல்லாத நேரமே இல்லை. அடுத்தவன் வீட்டில் சூடான ஒவ்வொரு சூப்பையும் குடிக்கும்போது அவனுக்குத் தன் அடுப்புதான் கண்ணில் வந்தது. ஊர் ஊராகப் போனதில் செலவு அதிகமில்லை, உண்மை. ஆனால் வரவும் இல்லை. பென்ஷனில் மிச்சம் பிடித்து மாவு டப்பாவில் போட்டது, அடுப்பின் ஒரு காலைக்கூட மீட்காது.

ஆகஸ்டில் இலியா நாள். பெல்கிரேடிலிருந்து மலைகளுக்குள் புகுந்து கடலுக்கு இறங்கும் ரயிலில் பென்ஷன்காரர்களுக்குப் பாதி டிக்கெட் என்று வீதா எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தாள். ஒரு பகல் முழுக்கச் சுரங்கம் சுரங்கமாகப் போய், மாண்டினீக்ரோவில் சுதோமோரே என்ற இடத்தில் இறங்கினார்கள். அங்கே ஒரு பால்கனியில் பொரித்த மீன் வாசம். ஏறிப் போனார்கள்.

அங்கேதான் முதல் தடவையாக மாட்டிக்கொண்டார்கள். மாண்டினீக்ரோக்காரர்கள் வந்தவனைக் கேட்காமல் விடுகிற ரகம் இல்லை. கேட்பதுதான் அவர்களுக்கு மரியாதை. வீட்டுக்காரன் கிர்ஸ்தோ, கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஸ்வெதோசாருக்கு எதிரே உட்கார்ந்தான். அப்பன் பேர், பாட்டன் பேர், பூட்டன் பேர், அவர்கள் எந்த மலையிலிருந்து இறங்கியவர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். மிலுன்கா என்று வீதா குறுக்கே புகுந்தாள். பெண்கள் வழியை நாங்கள் எண்ணுவதில்லை என்று கிர்ஸ்தோ கையை அமர்த்தினான். மெழுகுவர்த்தி எரிந்தது. ஸ்வெதோசார் தெரிந்த வரைக்கும் உள்ளதைச் சொன்னான். கிர்ஸ்தோ கண்ணை மூடி, விரல்களை மடக்கி, எட்டாவது தலைமுறை வரைக்கும் மனசுக்குள்ளேயே ஏறிப்போய்விட்டு வந்தான். கண்ணைத் திறந்தபோது கோபமாக இருந்தான்.

"நீ எனக்குப் பங்காளி. அஞ்சாவது பாட்டனுக்கு அண்ணன் பையன் வழி. இத்தனை வருசமா எங்கடா போய்த் தொலைஞ்ச? நாங்க செத்துட்டோம்னு நினைச்சியா?"

ஸ்வெதோசார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். பிறகு நாலு நாள் அவர்களை விடவில்லை.

அதில் ஒரு காலையில் வீதா பால்கனியில் சாலட் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எதிரே கடல். அக்கரை கிடையாது. உள்ளே வா, ஈ மொய்க்கிறது என்று வீட்டுக்காரி கூப்பிட்டாள். வீதா நகரவில்லை. ஸ்வெதோசார் பக்கத்தில் போய் நின்றான். காட்டிட்டேன் என்று சொல்ல நினைத்தான். ரொம்பத் தாமதமாகிவிட்டதால் சொல்லவில்லை. அவள் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, படியிறங்கி, உடுத்தியிருந்த பாவாடையோடு இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றாள். குளிக்கிற உடுப்பு சூட்கேஸிலேயே இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் சூட்கேஸைப் பிரித்தாள்.

லூக்கா நாள் வந்தது. வீதா வழக்கம்போலப் பதினைந்து பேருக்குச் சமைத்தாள். அடுப்பு காலையிலிருந்து முனகிக்கொண்டிருந்தது. முதலில் வந்தவன் திஹோமிர். அக்காவின் ஸ்லாவாவுக்கு வராமல் இருக்க முடியாது. வந்தவன் ஒரு தள்ளுவண்டியையும் இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டு, சிலுவை போட்டு, ஸ்லாவா வாழ்த்துச் சொல்லி, அதே மூச்சில் சொன்னான்:

"சாயங்காலம் அடுப்பு ஆறினதும் எடுத்துக்கிறேன் மாமா. சூட்டோட தூக்கினா கை வெந்துரும்."

வீதா தம்பியைப் பார்க்காமல் முட்டைக்கோஸ் உருண்டைப் பானையைக் கிளறினாள்.

பத்து மணி பஸ் பராசினில் நின்றபோது இறங்கியவர்கள் மொத்தமும் பச்சைக் கதவைக் கேட்டார்கள். முன்னால் க்வோஸ்தென், மனைவி, மனைவியின் தங்கை குடும்பம். அவர்களுக்குப் பின்னால், இன்னொரு சிவப்பு நாளில் சோறு போட்ட ஷாபாத்ஸ் ஊர்க்காரர்கள். நிக்கோலா நாளன்று பஸ் உடைந்த கிராமத்திலிருந்து முதல் வீட்டுக்காரர்கள், டிரைவரையும் கூட்டிக்கொண்டு. சாயேச்சார் அண்ணன் தம்பிகள் ஒரே காரில் வந்தார்கள். தன் வீட்டு ஸ்லாவாவுக்கு வந்தவன் வீட்டுக்குத் தானும் போகாவிட்டால் அது எங்கேயும் தீராத பாக்கி. ஓராண்டாக ஸ்வெதோசார் அட்ரஸ் கொடுத்த அத்தனை பேரும் அதைத் தீர்க்க வந்துவிட்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் காப்பிப் பொட்டலம், ஒரு புட்டி, சாக்லேட் பெட்டி. யாரும் வெறுங்கையோடு வரவில்லை. வீதா அதையெல்லாம் வாங்கி வாங்கிப் பின்னறைக் கட்டிலில் போட்டாள். கட்டில் நிறைந்ததும் கட்டிலுக்கு அடியில்.

ஆட்கள் மேஜையைத் தாண்டி, சூட்கேஸ் மேல், விறகுக் குவியல் மேல், தள்ளுவண்டி மேல் உட்கார்ந்தார்கள். ஸ்லாவா அன்று வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. ஸ்வெதோசார் ரக்கியாத் தட்டோடு நின்றான், நடந்தான், திரும்ப நின்றான். சூளையில்கூட அவன் கால் இப்படிக் கடுத்ததில்லை. பன்னிரண்டு அடிப்பதற்குள் பானை காலி. வீதா கரண்டியால் அடியைச் சுரண்டும் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை வந்தவர்கள் கேட்டால் அந்த வீடு அதோடு முடிந்தது. சத்தமாகப் பாடினால் கேட்காது என்று ஸ்வெதோசார் பாட ஆரம்பித்தான்.

திஹோமிர் கதவோரத்தில் உட்கார்ந்து அந்தச் சுரண்டலைக் கேட்டுக்கொண்டிருந்தான். கணக்குப் பார்க்கிற மூஞ்சி. கொஞ்ச நேரத்தில் எழுந்து வெளியே போனான். தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்தவர்களை இறக்கிவிட்டு வண்டியோடு போனான். திரும்பி வந்தபோது வண்டியில் அவன் கடையின் சாசேஜ், பாலாடைக்கட்டி, ரொட்டி, ஊறுகாய் ஜாடி, பீர் எல்லாம் இருந்தன. ஸ்வெதோசாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இதுக்கும் சேத்து எழுதுவியா மாப்ள?"

"போய் வேலையப் பாருங்க மாமா. எங்கக்கா மேசை காலியா இருந்தா, நாளைக்கு என் கடைல எவன் சாமான் வாங்குவான்?"

பாதிரியார் ஒரு மணிக்கு வந்தார். அன்றைக்கு அவருக்கு நிறைய வீடு. ரொட்டியை அறுத்து, திராட்சை மது ஊற்றி, வீட்டாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டிய பேர்களைக் கேட்டார். ஸ்வெதோசார் சொல்வதற்கு முன்னால் கூட்டத்திலிருந்து மிலுன்கா என்று ஒரு குரல் வந்தது. ஆமாம், மிலுன்கா, மறந்துவிட்டோமே என்றார்கள் பலர். உயிரோடு இருப்பவரா, காலமானவரா என்றார் பாதிரியார். சாச்சக்காரர்கள் உயிரோடு என்றார்கள், கால் வலி மட்டும்தான் என்று. சாயேச்சார் அண்ணன் தம்பிகள், அவர் போய் நாளாகிறது, எங்கள் அம்மாவோடு சொர்க்கத்தில் இருக்கிறார் என்றார்கள். கிளாதோவோக்காரர்கள் அவர் ஜெர்மனியில் என்றார்கள். மூன்று பக்கமும் முகம் சிவந்தது. பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, முதலில் உயிரோடிருப்பவர்களில் மிலுன்காவைப் படித்தார், பிறகு காலமானவர்களில் படித்தார், ரொட்டித் துண்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அது யாருக்கும் போதவில்லை. இத்தனை ஊர் ஆட்களும் ஒரே மிலுன்காவுக்கு எப்படிச் சொந்தம் என்ற யோசனை அப்போதுதான் ஒவ்வொருவருக்கும் தட்டியது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு எல்லா முகமும் ஸ்வெதோசார் பக்கம் திரும்பியது.

"நீங்க வீட்டுக்காரர். நீங்களே சொல்லுங்கண்ணே," என்றான் க்வோஸ்தென். "யாரு மிலுன்கா?"

மேஜை நடுவில் மெழுகுவர்த்தி நன்றாக எரிந்துகொண்டிருந்தது. வீதா கதவில் நின்றாள். கையில் வெறும் பானை. ஸ்வெதோசார் தட்டைக் கீழே வைத்தான். உண்மைதான் வரப்போகிறது என்று அவனுக்கே தெரிந்தது. அது வெளியே வந்தால், ஒரு வருஷம் தின்ற சோறு அத்தனையும் அந்த மேஜையிலேயே திருட்டுச் சோறாகும், வீதா இந்தத் தெருவில் இனித் தலையைத் தூக்க மாட்டாள். வாயைத் திறந்தான்.

"எங்க அத்தை," என்றான் திஹோமிர்.

கதவோரத்திலிருந்து எழுந்து நின்றிருந்தான். அக்காவையும் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. மெழுகுவர்த்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான். அத்தை மிலுன்கா யாருக்கும் இல்லை என்று சொல்லாதவள், அதனால்தான் எல்லா ஊரிலும் அவளுக்குச் சொந்தம் என்றான். தன் கடைக்கு முதல் மூட்டை மாவு வாங்க அவள்தான் பணம் கொடுத்தாள், திருப்பிக் கேட்கவே இல்லை என்றான். அவள் இருக்கிறாளா போய்விட்டாளா என்று தனக்கும் தெரியாது, கடைசியாகச் சூட்கேஸோடு பஸ்ஸில் ஏறினாள், டிக்கெட் எந்த ஊருக்குக் கம்மியோ அந்த ஊருக்கு என்றான். அந்த மூட்டை மாவு வரும்போது வீதாவே மூக்கை உறிஞ்சினாள். எல்லோரும் எழுந்து நின்று மிலுன்காவுக்காக ஒரே மூச்சில் குடித்தார்கள்.

நாலு மணி பஸ்ஸுக்குப் பாதிப் பேர் கிளம்பினார்கள். கார்க்காரர்கள் மிச்சப் பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். க்வோஸ்தென் விடைபெறும்போது ஸ்வெதோசாரின் காதுக்கருகில் வந்தான்.

"எங்க வீட்ல ரெண்டு பக்கமும் மிலுன்கான்னு ஒருத்தி கிடையாதுண்ணே. அன்னிக்கே தெரியும். எப்படிக் கேக்கிறது? திமித்ரி நாளைக்கு வந்துருங்க."

வீடு ஓய்ந்தபிறகு திஹோமிர் அடுப்பைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் சூடு. பிறகு பின்னறைக் கதவைத் திறந்தான். கட்டில் மேலும் அடியிலும் ஜன்னல் வரைக்கும் காப்பிப் பொட்டலம், புட்டி, சாக்லேட் பெட்டி. ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. உள்ளே அவன் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. காப்பி என்ன விலைக்குப் போகும், விஸ்கி என்ன விலை, எந்தப் பெட்டிக்குத் தேதி முடிந்துவிட்டது என்பதெல்லாம் ஊரில் அவனைவிட யாருக்குத் தெரியும்? ஸ்வெதோசார் கடைசியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான். திஹோமிர் சரக்கைத் தள்ளுவண்டியில் அடுக்க ஆரம்பித்தான். அடுக்கி முடித்து, கயிறு கட்டி, கையைத் தட்டினான்.

"அறுபத்தோராயிரம் தேறும் மாமா. ரெண்டு காப்பி உங்களுக்கு விட்டிருக்கேன். நானூத்தி எண்பது நிக்குது."

"இன்னிக்குக் கொண்டாந்தியே சாசேஜ், பீரு?"

"எந்த சாசேஜ்?" என்றான் திஹோமிர். நானூற்று எண்பதை மட்டும் விடவில்லை.

அப்போது வாசலில் இருட்டு கொஞ்சம் உயர்ந்தது. கிர்ஸ்தோ. தலையைக் குனிந்து உள்ளே வந்தான். கடலிலிருந்து வரும் ரயில் வழக்கம்போலத் தாமதம், அதுக்காக எவன்மேலாவது கை வைக்க வேண்டும் போலிருக்கிறது என்றான். பங்காளியைக் கட்டிப்பிடித்தான். கோதுமையைச் சாப்பிட்டான். பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு சாக்லேட் பெட்டியை எடுத்து வீதா கையில் கொடுத்தான். இது எங்கள் வீட்டுக்கு ஜார்ஜ் நாள் கழித்து நிக்ஷிச்சிலிருந்து வந்தது, அவர்களுக்கு ஷாபாத்ஸிலிருந்து வந்ததாம், பிரிக்கவே இல்லை, சத்தியம் என்றான்.

வீதா ரிப்பனைப் பார்த்தாள். நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. முடிச்சு அவள் போட்டது. வெள்ளரி ஜாடிக்கு வாய் கட்டுகிற முடிச்சை வேறு யாரும் போட முடியாது. பெட்டியைத் தம்பியிடம் நீட்டினாள். திஹோமிர் வாங்கி, பழக்கத்தில், அடியைத் திருப்பிப் பார்த்தான். நீல வட்டம். உள்ளே நானூற்று எண்பது. வட்டத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டினான்.

"என் கடைச் சரக்கு," என்றான். "பிரிக்காம திரும்பி வந்திருக்கு. எடுத்துக்கிட்டுத்தான் ஆகணும்."

பெட்டியை வண்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கயிற்றில் செருகினான். பாக்கி ஒன்றுமில்லை என்றான். வண்டியைத் தள்ளிக்கொண்டு சூளைப் பக்கமாகத் திரும்பினான்.

கிர்ஸ்தோவுக்குச் சூப் சுட வைக்க வீதா அடுப்புக் கதவைத் திறந்தாள். அது முனகியது. ஸ்வெதோசார் விறகு எடுக்க எழுந்தான்.